நரம்பியல் கேள்வித்தாளை நிரப்பும் முன்

சிங்கப்பூரில் நரம்பியல் கிளினிக்கில் பதிவு முடிந்ததும் தாதி ஒரு தாளையோ கைக்கணினியையோ நீட்டுவார். "டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இத நிரப்பிடுங்க அங்கிள்." வாங்கியவரின் கண் நேரே முதல் கேள்விக்குப் போகும். அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'கடந்த ஒரு மாதத்தில்', 'கடந்த இரண்டு வாரங்களில்', 'கடந்த மூன்று மாதங்களில்', 'இன்று'. அந்த வரியைப் படிக்காமல் எழுதினால் கீழே உள்ள பதில்கள் அத்தனையும் வேறொரு காலத்துக்கான பதில்களாகிவிடும்.

ஒவ்வொரு தாளுக்கும் காலம் வேறு. பார்க்கின்சன் நோய்க்கான பிடிகியூ-39 கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது. மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸுக்கான எம்எஸ்ஐஎஸ்-29 கேட்பது இரண்டு வாரம். ஒற்றைத் தலைவலிக்கான மிடாஸ் மூன்று மாதம். மனநிலையைப் பார்க்கும் பிஎச்கியூ-9 இரண்டு வாரம். பொதுவான உடல்நலத்துக்கான ஈகியூ-5டி 'இன்று' என்று மட்டுமே கேட்கும். ஹிட்-6 என்ற தலைவலித் தாளில் ஆறே கேள்விகள்தான். ஆனாலும் முதல் மூன்றுக்குக் காலவரம்பு கிடையாது, கடைசி மூன்றும் கடந்த நான்கு வாரத்தைப் பற்றியவை. ஒரே நாளில் இரண்டு, மூன்று தாள்கள் தரப்படும்போது முதல் தாளின் காலத்தையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு.

காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? மருத்துவர் உங்களைப் பார்ப்பது மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். பார்க்கின்சன் உள்ளவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகள் அழைத்துவர, பதினொரு மணிக்கு அறைக்குள் நுழையும்போது மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். விரலைத் தட்டச் சொன்னால் தட்டுவார், எழுந்து நடக்கச் சொன்னால் நடப்பார். விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழ முடியாமல் கிடந்ததும், சாயங்காலம் அடுத்த மாத்திரைக்கு முன்னால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதும் அந்த அறைக்குள் வராது. அவற்றை உள்ளே கொண்டுபோகத்தான் இந்தத் தாள். அதிலும் போய் 'இப்ப நல்லாத்தான் இருக்கேன்' என்ற மனநிலையில் கோடு போட்டால், மருத்துவர் தம் கண்ணால் பார்த்ததையே இரண்டாம் முறை பார்க்கிறார்.

நம்மிடையே மரியாதையும் ஒரு தடை. பெரியவர்களுக்கு டாக்டர் முன்னால் குறை சொல்வது நன்றி கெட்ட செயலாகத் தோன்றுகிறது. 'அவர் நல்ல மருந்து கொடுத்திருக்கார், சரியாகலன்னு எப்படி எழுதறது?' இந்தத் தாள் மருத்துவருக்குப் போடும் மதிப்பெண் அல்ல. மருந்தின் அளவைக் கூட்டுவதா, நேரத்தை மாற்றுவதா, உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் அனுப்புவதா என்று முடிவெடுக்க அவருக்குத் தேவைப்படும் விவரம். குறைத்து எழுதினால் சிகிச்சையும் குறையும்.

'ஒருபோதும் இல்லை' என்ற பொறி

பிடிகியூ-39இல் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும். கடைசிப் பதிலோடு 'அல்லது செய்யவே முடியவில்லை' என்பதும் சேரும். மதிப்பு 0 முதல் 4 வரை.

'தெளிவாக எழுதுவதில் சிரமம் இருந்ததா?' என்பது 14ஆவது கேள்வி. எழுத்து எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துப் போய், வருடக்கணக்கில் பேனாவையே தொடாதவர், 'நான்தான் எழுதறதே இல்லையே' என்று 'ஒருபோதும் இல்லை'யில் கோடு போடுவார். அவருக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு 4. தாளில் விழுந்தது 0. நோய் முற்ற முற்ற மதிப்பெண் குறைந்துகொண்டே போகும் விசித்திரம் இப்படித்தான் நிகழ்கிறது. கேள்வி கேட்பது 'எத்தனை முறை செய்தீர்கள்' என்பதை அல்ல, 'எத்தனை முறை சிரமப்பட்டீர்கள்' என்பதை. செய்யவே முடியாமல் விட்டுவிட்டீர்கள் என்றால் அது கடைசிக் கட்டம்.

பித்தான் போடுவது, காலணிக் கயிறு கட்டுவது பற்றிய 13ஆவது கேள்வியும் இதே வகை. நம் ஊரில் பாதிப் பேர் டி-ஷர்ட்டும் செருப்புமாகவே இருப்பவர்கள். எந்தக் காலத்திலும் அப்படித்தான் உடுத்தினீர்கள் என்றால் 'ஒருபோதும் இல்லை' சரியான பதிலே. பித்தான் போட முடியாததால் சட்டையை விட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினீர்கள் என்றால் அது சரியல்ல. 'ஏன் மாறினேன்?' என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் பதில் வந்துவிடும்.

தவிர்ப்பது இன்னும் நுட்பமாக ஒளிந்துகொள்ளும். 25ஆவது கேள்வி, பார்க்கின்சனால் பொது இடத்தில் கூச்சமாக உணர்ந்தீர்களா என்பது. உணவங்காடி நிலையத்தில் கை நடுங்கித் தேநீர் சிந்தியதிலிருந்து வெளியே சாப்பிடுவதையே நிறுத்திக்கொண்டவருக்குக் கடந்த ஒரு மாதத்தில் கூச்சப்படும் சந்தர்ப்பமே வந்திருக்காது. அவர் 25க்கு 'ஒருபோதும் இல்லை' என்று போட்டால் பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தைய 24ஆவது கேள்வி அவருக்காகவே இருக்கிறது: பிறர் முன்னால் சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர்த்தீர்களா? அதில் 'எப்போதும்' விழ வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைக் கேட்கும் 9ஆவது கேள்விக்கும் வீட்டிலேயே அடைந்துகிடப்பதைக் கேட்கும் 10ஆவது கேள்விக்கும் இடையில் இதே உறவு உண்டு. ஒன்றில் 0 போட்டால் மற்றதில் என்ன போட்டீர்கள் என்று பாருங்கள்.

இன்னொரு தொடரையும் கண் தாண்டிவிடும்: 'பார்க்கின்சன் நோய் காரணமாக'. எழுபது வயதில் முழங்கால் வலியும் நீரிழிவும் கூடவே இருக்கும். மூட்டுத் தேய்மானத்தால் படியேற முடியவில்லை என்பதை இந்தத் தாளில் சேர்க்கக் கூடாது. பேருந்திலும் ரயிலிலும் குளிரூட்டி எல்லோருக்கும்தான் குளிர்கிறது. 39ஆவது கேள்வி கேட்கும் வெப்பமும் குளிரும் அது அல்ல. எது எதனால் என்று பிரிக்கவே முடியவில்லை என்றால் உங்களுக்குத் தோன்றிய பதிலைப் போட்டுவிட்டு ஓரத்தில் 'முழங்கால் வலியும் உண்டு' என்று எழுதுங்கள். ஈகியூ-5டியில் இந்தப் பிரிவினை கிடையாது. அங்கே காரணம் எதுவானாலும் இன்றைய நிலைதான் பதில்.

அரை மைல், நூறு கஜம் என்ற தூரங்களிலும் குழப்பம் வரும். அரை மைல் என்பது ஏறக்குறைய 800 மீட்டர். நம் குடியிருப்புப் பேட்டைகளில் சுமார் இரண்டு பேருந்து நிறுத்த இடைவெளி. நூறு கஜம் 90 மீட்டர் சொச்சம். நீளமான ஒரு புளோக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பதாக நினைத்துக்கொள்ளலாம். உணவை வெட்டுவது பற்றிய கேள்வியில் கத்தி, முள்கரண்டிதான் மனத்தில் இருக்கிறது. கையால் பிசைந்து சாப்பிடும்போது சோறு வாய்க்குப் போகும் முன் சிதறுகிறது என்றால், அதற்கென்று தனிக் கேள்வி இல்லை. ஓரத்தில் எழுதுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். தாளில் கேட்காததால் அது சின்ன விஷயமாகிவிடாது.

மதிப்பெண் எப்படி உருவாகிறது

39 கேள்விகளும் எட்டுப் பிரிவுகளாகப் பிரிகின்றன: நடமாட்டம் 10, அன்றாட வேலைகள் 6, மன நலம் 6, சமூகக் கூச்சம் 4, உறவுகளின் துணை 3, சிந்தனை 4, பேச்சுத் தொடர்பு 3, உடல் உபாதை 3. ஒரு பிரிவின் மதிப்புகளைக் கூட்டி, அந்தப் பிரிவின் உச்ச மதிப்பால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். நடமாட்டத்தின் பத்துப் பதில்களும் சேர்ந்து 22 என்றால், உச்சம் 40, ஆக 55. பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, 100 என்றால் உச்சத் தொந்தரவு. எட்டுப் பிரிவு மதிப்பெண்களின் சராசரிதான் மொத்தக் குறியீடு.

இந்தச் சராசரிக்கு உள்ளே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பத்துக் கேள்விப் பிரிவுக்கும் மூன்று கேள்விப் பிரிவுக்கும் எடை ஒன்றுதான். நடமாட்டத்தில் ஒரு கேள்வி ஒரு படி ஏறினால் மொத்தக் குறியீடு 0.3 அளவுக்குத்தான் நகரும். பேச்சுத் தொடர்பில் ஒரு கேள்வி ஒரு படி ஏறினால் ஏறக்குறைய 1 புள்ளி நகரும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அதனால் மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 'போன தடவைக்கு இந்தத் தடவை மோசம்' என்று வீட்டில் கலங்க வேண்டாம். எந்தப் பிரிவு நகர்ந்தது என்று கேளுங்கள். சந்திப்பின்போது கேட்பதற்கு உருப்படியான கேள்வி அதுதான்.

பதில் விடுபட்டாலும் சேதம் உண்டு. பிடிகியூ-39இன் வழக்கமான கணக்கில் ஒரு பிரிவில் ஒரே ஒரு கேள்வி விடுபட்டாலும் அந்தப் பிரிவுக்கு மதிப்பெண் போட முடியாது. அது இல்லாமல் மொத்தக் குறியீடும் வராது. விதிவிலக்கு, வாழ்க்கைத் துணையின் ஆதரவைக் கேட்கும் 28ஆவது கேள்வி. துணை இல்லாதவர்களுக்கு அங்கே தனிக் கட்டம் இருக்கிறது. வெறுமனே தாண்டாமல் அந்தக் கட்டத்தில் குறியிட வேண்டும். எம்எஸ்ஐஎஸ்-29 கொஞ்சம் தாராளம்: ஒரு பிரிவில் குறைந்தது பாதியாவது நிரப்பியிருந்தால் மீதிக்கு அவரவர் சராசரியை வைத்துக் கணக்கிடலாம்.

எண் ஏறுவது நல்லதா கெட்டதா என்பதும் தாளுக்குத் தாள் மாறும். பிடிகியூ-39, எம்எஸ்ஐஎஸ்-29, ஹிட்-6 மூன்றிலும் ஏறினால் மோசம். வலிப்பு நோய்க்கான க்யூஓஎல்ஐஈ-31இல் ஏறினால் நல்லது. பக்கவாதத் தாக்க அளவுகோலிலும் அப்படியே. பல நரம்பு நோய்களுக்குப் பொதுவான நியூரோ-க்யூஓஎல் தாள்களில் சராசரி 50. அதில் சோர்வுக்கான மதிப்பெண் ஏறினால் மோசம், நடமாட்டத்துக்கானது ஏறினால் நல்லது. ஹிட்-6இன் மிகக் குறைந்த மதிப்பெண் 36, உச்சம் 78. தலைவலியே இல்லாதவருக்கும் 36 வரும். அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. 49 வரை பாதிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு, 60ஐத் தொட்டால்தான் கடுமை.

தலைவலி: நாட்களை எண்ணும் கணக்கு

மிடாஸில் ஐந்து கேள்விகள். பதில் எல்லாம் நாட்கள். வேலைக்கோ பள்ளிக்கோ போகாத நாட்கள். போயும் பாதி அல்லது அதற்கும் குறைவாகவே வேலை செய்ய முடிந்த நாட்கள். வீட்டு வேலை செய்யாத நாட்கள். வீட்டு வேலையில் பாதியே முடிந்த நாட்கள். குடும்ப, சமூக நிகழ்ச்சிகளைத் தவறவிட்ட நாட்கள். ஐந்தையும் கூட்டினால் 0 முதல் 5 வரை முதல் நிலை, 6 முதல் 10 வரை இரண்டாம் நிலை, 11 முதல் 20 வரை மூன்றாம் நிலை, 21ம் அதற்கு மேலும் நான்காம் நிலை.

இங்கே பலர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்த நாட்களை மட்டும் எண்ணுகிறார்கள். ஆண்டு விடுப்பைப் போட்டுவிட்டு இருட்டறையில் படுத்த நாளும், சம்பளமில்லா விடுப்பும் அதே கணக்குதான். எம்சி எடுத்தால் முதலாளி என்ன சொல்வாரோ என்று தலையைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு முதல் கேள்வியில் 0 வரும், இரண்டாம் கேள்வியில் பெரிய எண் வர வேண்டும். அவர் அதையும் 'வேலைக்குப் போயிட்டேனே' என்று விட்டுவிட்டால் கடும் தலைவலிக்காரர் முதல் நிலையில் போய் நிற்பார். முதல் கேள்வியில் எண்ணிய நாளை இரண்டாவதில் மறுபடி எண்ணக் கூடாது. மூன்றுக்கும் நான்குக்கும் அதே விதி.

வீட்டு வேலை என்றால் துடைப்பம் மட்டுமல்ல. சந்தைக்குப் போவது, பிள்ளைகளையும் வயதானவர்களையும் கவனிப்பது, வீட்டுப் பழுதுபார்ப்பு எல்லாம் அதில் அடக்கம். இல்லப் பணிப்பெண் இருக்கும் வீட்டில், 'சமையலும் துணி துவைப்பதும் அவர் செய்கிறார்' என்று 0 போட்டுவிட வேண்டாம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடியாமல் போன மாலைகளும் நாட்கள்தான்.

ஐந்து கேள்விகளுக்குப் பிறகு அ, ஆ என்று இரண்டு வரும்: மூன்று மாதத்தில் மொத்தம் எத்தனை நாள் தலைவலி, வலி 0 முதல் 10க்குள் எவ்வளவு. இவை மருத்துவருக்கான கூடுதல் தகவல், கூட்டலில் சேராது. உதாரணத்துக்கு 3, 5, 4, 6, 2 என்று ஐந்து பதில்களும் இருந்தால் மொத்தம் 20, மூன்றாம் நிலை. 24 தலைவலி நாட்களையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் 44, நான்காம் நிலை. கூட்டலைத் தாங்களே செய்பவர்கள் தடுமாறும் இடம் இது.

மூன்று மாதம் யாருக்கும் அப்படியே நினைவில் இருக்காது. நாட்காட்டியில் தினம் ஒரு குறி போதும்: தலைவலி இருந்ததா, எவ்வளவு கெடுத்தது, என்ன மாத்திரை போட்டேன். குறி போடாதவர்கள் தைப்பூசம், பள்ளி விடுமுறை, தீபாவளி என்று கொக்கி வைத்து மாதம் மாதமாகப் பின்னோக்கி எண்ணினால் ஓரளவு சரியாக வரும். கோடாலித் தைலம் தேய்த்ததும் அடங்கிவிட்டது என்று அந்த நாளை விட்டுவிடாதீர்கள். மாத்திரைக் குறியும் அவசியம். சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கக்கூடும். மிடாஸ் தாள் இதைக் கேட்காது. உங்கள் நாட்காட்டி சொல்லும்.

தமிழில் எது எதுவாகிறது

பலரிடம் இருப்பது ஆங்கிலத் தாள். பக்கத்தில் மகனோ மகளோ உட்கார்ந்து கண்ணால் படித்து வாயால் மொழிபெயர்ப்பார்கள். அன்பு இருக்கிறது, துல்லியம் இருக்காது. மனம் தளர்ந்துபோய் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா என்று கேட்க வேண்டிய கேள்வி, 'கவலையா இருந்தீங்களாப்பா?' என்று வெளியே வரும். கவலைக்கு வேறு கேள்வி தனியாக இருக்கிறது, இரண்டும் ஒன்றாகிவிடும். முதலில் கேட்க வேண்டியது: "தமிழ்த் தாள் இருக்கா?" ஈகியூ-5டி போன்ற சிலவற்றுக்குத் தமிழ் வடிவம் உண்டு. தமிழ்த் தாள்கள் சில இந்தியாவில் உருவானவை; சொற்கள் சற்று வேறாக இருக்கலாம். இருந்தாலும் முறையாக மொழிபெயர்த்துச் சோதித்த தாள் அவசர வாய்மொழியைவிட மேல். தமிழ் பேசுவார், எழுத்து வாசிக்கத் தெரியாது என்றால் தமிழ்த் தாளையே யாராவது வரி மாறாமல் படித்துக் காட்ட வேண்டும்.

சில சொற்களில் தனிக் கவனம் வேண்டும். 'மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் அது நினைவு தப்பியதா, தலை சுற்றியதா, மாத்திரையால் வந்த தூக்கக் கலக்கமா? மூன்றுக்கும் அதே சொல். வலிப்பு நோய்த் தாளில் இது பெரிய வித்தியாசம். 'இழுப்பு' என்பது சிலருக்கு வலிப்பு, சிலருக்கு ஆஸ்துமா. 'இழுத்துக்கிச்சு' என்றால் பக்கவாதம். 'மரத்துப்போச்சு' என்பவர் உணர்ச்சி போனதைச் சொல்கிறாரா, வலு போனதைச் சொல்கிறாரா என்று கேட்காமல் தெரியாது. அசதி, களைப்பு, சோர்வு மூன்றும் அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வேலை செய்துவிட்டு வரும் களைப்பும், காலையில் எழும்போதே கல் கட்டிவிட்டது போலிருக்கும் சோர்வும் ஒன்றல்ல. சோர்வுக்கான ஒன்பது கேள்வித் தாள் தேடுவது இரண்டாவதை.

'எப்போதாவது', 'சில சமயம்' இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்று பலருக்குத் தெரியவில்லை. தாள் அதைச் சொல்வதில்லை. எங்கள் பரிந்துரை: மாதத்தில் ஓரிரு முறை என்றால் எப்போதாவது, வாரத்துக்கு ஒருமுறை போல என்றால் சில சமயம், வாரத்தில் பல நாள் என்றால் அடிக்கடி. இது அதிகாரபூர்வ விளக்கம் அல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவுகோலை வைத்தால் உங்கள் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். 'ஆதரவு இல்லாமல் இருந்ததா?' போன்ற எதிர்மறைக் கேள்விக்கு 'ஆமாம்' என்று வாயால் பதில் வந்தால் நிறுத்திவிட்டு, ஐந்து பதில்களையும் படித்துக் காட்டி எது என்று கேளுங்கள்.

உதவி செய்பவர் கேள்வியை எளிமையாக்குவதாக நினைத்து மாற்றிச் சொல்லக் கூடாது. புரியவில்லை என்றால் அதே வரியை மெதுவாக இன்னொரு முறை. தாளை வைத்திருப்பவர்களும் தாமாகச் சொற்களை மாற்ற முடியாது. பிடிகியூ-39க்கு ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்திடமிருந்து உரிமம் வேண்டும். பிஎச்கியூ-9 இலவசம். புதிதாகத் தமிழாக்கம் செய்ய விரும்பும் அமைப்புகள் குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்ய வேண்டும்: இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலம் தெரியாத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து, கடைசியில் ஐந்து முதல் எட்டு நோயாளிகளிடம் ஒவ்வொரு கேள்வியும் அவர்களுக்கு என்னவாகப் புரிந்தது என்று சொல்ல வைப்பது. கடைசிப் படியைத் தாண்டிவிட்டால் 'மயக்கம்' மாதிரிச் சொற்கள் அப்படியே தங்கிவிடும்.

பேனா யார் கையில்

கணவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, 'வாழ்க்கைத் துணையிடமிருந்து வேண்டிய ஆதரவு கிடைக்கவில்லை என்று தோன்றியதா?' என்று மனைவியிடம் கேட்டால் என்ன பதில் வரும்? மருமகள் முன்னால், குடும்பத்தாரின் ஆதரவைக் கேட்கும் பிடிகியூ-39இன் 29ஆவது கேள்விக்கும் அதே கதிதான். இந்தப் பிரிவில் எல்லோருக்கும் 0 வருவதற்குப் பாதிக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். 23 முதல் 29 வரையிலான கேள்விகளை மட்டுமாவது நோயாளியைத் தனியே நிரப்ப விடுங்கள். முடியாவிட்டால் தாதி படித்துக் காட்டட்டும். குடும்பத்தார் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நினைவாற்றல் குறைந்தவருக்காகப் பராமரிப்பாளர் பதில் சொல்லலாம். அப்போது தாளில் 'பராமரிப்பாளர் பதில்' என்று எழுத வேண்டும். குளிப்பது, உடுத்துவது போல் கண்ணுக்குத் தெரிபவற்றில் பராமரிப்பாளர் சொல்வதும் நோயாளி சொல்வதும் ஓரளவு ஒத்துப்போகும். மனநிலை போன்றவற்றில் பராமரிப்பாளர் பெரும்பாலும் நிலைமையை இன்னும் மோசமாகவே மதிப்பிடுவார். ஒருமுறை அப்பா, மறுமுறை மகள் என்று மாறி மாறி நிரப்பினால் இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் நோயினுடையதா, ஆளினுடையதா என்று சொல்ல முடியாது. தாளில் எழுதுவதும் வாயால் சொல்வதும்கூட ஒன்றல்ல. நேரில் ஒருவர் கேட்கும்போது மனிதர்கள் சற்று நலமாகவே பதில் சொல்வார்கள்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடப்பக்கக் கவனமே போய்விடும். தாளின் இடது ஓரத்தில் இருக்கும் பதில்கள் அவர்களுக்கு இல்லவே இல்லை. 'ஒருபோதும் இல்லை' இடது கோடியில் இருந்தால் அது ஒருநாளும் தேர்வாகாது. பதில்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்தின் நடுவில் எழுதிக் காட்ட வேண்டும். பேச்சு இழந்தவர்களுக்கென்று எஸ்ஏக்யூஓஎல்-39 தனியாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கைநடுக்கம் உள்ளவரின் குறி இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழும். தொடுதிரையில் இருமுறை பதிவாகும். அவர் விரலால் காட்டட்டும், நீங்கள் குறியிடுங்கள். 39 கேள்விகளை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. 20ஆவது கேள்விக்குப் பிறகு எல்லாப் பதில்களும் ஒரே நெட்டில் நேர்கோடாக இறங்கினால் அவர் களைத்துவிட்டார். எட்டே கேள்விகள் கொண்ட பிடிகியூ-8 இருக்கிறதா என்று கேட்கலாம்.

வலிப்பு, தூக்கம், மனம்

க்யூஓஎல்ஐஈ-31இல் வண்டி ஓட்டுவதில் சிரமமா என்று ஒரு கேள்வி வரும். இங்கே காரே இல்லாத குடும்பங்கள்தான் அதிகம். உரிமமே எடுத்ததில்லை என்றால் தாதியிடம் சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்ததால் ஓட்டுவதை நிறுத்தியவர் 'சிரமம் இல்லை' என்று போட்டால், 'ஒருபோதும் இல்லை' பொறியில்தான் மறுபடி விழுகிறார். வலிப்பு உள்ளவர்களின் மனச்சோர்வைப் பார்க்க என்டிடிஐ-ஈ என்ற ஆறு கேள்வித் தாள் இருக்கிறது. 15க்கு மேல் போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு வரக்கூடிய எரிச்சலையும் கோபத்தையும் அது தனியாகக் கேட்பதில்லை. வீட்டில் சண்டை அதிகமானால் அதைத் தனியே சொல்லுங்கள்.

எப்வொர்த் தூக்கத் தாளில் எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. ஒன்று, ஒரு மணி நேரம் நிற்காமல் காரில் பயணியாகப் போவது. சிங்கப்பூரில் அப்படி ஒரு பயணம் அபூர்வம். சமீபத்தில் செய்யாவிட்டாலும் ஊகித்துப் பதில் சொல்லலாம் என்று தாளே அனுமதிக்கிறது. பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஜூ கூன் வரை ரயிலில் உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுவீர்களா என்று யோசிப்பது ஊகத்துக்கு உதவும். மொத்தம் 10ஐத் தாண்டினால் சொல்லியே ஆக வேண்டும், குறிப்பாக பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற பார்க்கின்சன் மருந்துகள் சாப்பிடுபவர்கள். அவற்றால் பேச்சின் நடுவிலேயே திடீரென்று தூக்கம் வரலாம்.

பிஎச்கியூ-9இன் ஒன்பது கேள்விகளில் தூக்கம், சோர்வு, பசி, கவனம், அசைவில் மந்தம் ஆகிய ஐந்தும் நரம்பு நோயாலேயே வரக்கூடியவை. அந்த ஐந்திலும் உச்சம் போட்டால் மனம் தெளிவாக இருப்பவருக்கும் 15 வந்துவிடும். அது ஓரளவு கடுமையான மனச்சோர்வின் எல்லை. அதற்காக நீங்களே 'இது பார்க்கின்சன்தான்' என்று கழித்துவிட்டு எழுத வேண்டாம். உள்ளதை அப்படியே எழுதுங்கள், பிரிப்பது மருத்துவர் வேலை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அதில் 0 தவிர வேறு எது விழுந்தாலும் தாளைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்றே தாதியிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். தாளை வாங்குபவர்களும் நோயாளி கிளம்பும் முன் அந்த வரியைப் பார்த்துவிட வேண்டும். வீட்டில் இரவில் அந்த எண்ணம் வந்தால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 995.

நிரப்பி முடித்ததும் தாளின் அடியில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: தேதி, கடைசி மாத்திரை போட்ட நேரம், யார் படித்துக் காட்டியது, எந்த மொழியில். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு தாதியிடம் கொடுங்கள். பலதுறை மருந்தகத்துக்கோ வேறு மருத்துவமனைக்கோ மாறும்போது அந்தப் படம் கையில் இருக்கும். அடுத்த முறை புதுத் தாளை நிரப்பும் முன் பழைய படத்தைத் திறக்காதீர்கள். பழைய பதில் கையை இழுக்கும். நிரப்பிய பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டு படியோ அதற்கு மேலோ நகர்ந்த கேள்விகளை வட்டமிட்டு, அவற்றோடு மருத்துவரின் அறைக்குள் போங்கள்.